ஆம்பியர் குறைந்தும் எரிந்த மோட்டார்

மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மீன் கம்பெனிகளில் கம்ப்ரசர் நன்றாக இருக்கிறதா என்பதை இரண்டே சோதனைகளில் முடிவு செய்துவிடுவார்கள். உறையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது ஒன்று. கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் பார்ப்பது மற்றொன்று. கை பொறுத்துக்கொண்டு, ஆம்பியரும் பெயர்த்தகட்டில் அடித்த அளவுக்குள் நின்றுவிட்டால் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் முதலாளிக்குக் கூடுதல் மகிழ்ச்சி. மின்கட்டணம் குறையும் அல்லவா? இந்த நம்பிக்கை முழுப் பொய் அல்ல என்பதால்தான் இதை எதிர்த்துப் பேசுவது கடினமாக இருக்கிறது. வெளியில் நிற்கும் மோட்டாருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். கம்ப்ரசரின் வயிற்றுக்குள்ளேயே அடைபட்டுச் சுழலும் மோட்டாருக்கு இதே சோதனை ஆபத்தான ஆறுதலைத் தருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் உறைபதன அறையில், மைனஸ் 18 டிகிரியில் கணவாயும் நண்டுச் சதையும் வைத்திருக்கும் அறையில், பத்துக் குதிரைத்திறன் செமி சீல்டு கம்ப்ரசர் (மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே உறைக்குள் இருக்கும் வகை) ஒன்று திரும்பத் திரும்ப எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மோட்டாரின் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, புதிதாகக் கட்டி வந்தது. சில காலம் ஓடியது. மறுபடியும் எரிந்த எண்ணெயின் காரமான நெடியோடு நின்றது. பழி முழுவதும் காயில் கட்டியவர் மேல் விழுந்தது. கம்பியின் கேஜ் குறைத்துவிட்டார், வார்னிஷ் சரியாகக் காயவில்லை, மலிவான இன்சுலேஷன் தாள் வைத்துவிட்டார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நோட்டைப் புரட்டினால் ஆம்பியர் ஒரு நாளும் மீறியதாகப் பதிவு இல்லை. எரிவதற்கு முந்தைய வாரங்களில் அது குறைந்துகொண்டே வந்திருந்தது. எனக்கு உறுத்தியது அதுதான். சுமை குறையக் குறைய ஒரு மோட்டார் ஏன் சூடாக வேண்டும்?

எரிந்த காயிலும் ஒரு சேதி சொன்னது. ஒரு பேஸ் போனதால் எரிந்த மோட்டாரில் சேதம் பாதியில் நிற்கும். ஸ்டார் இணைப்பானால் இரண்டு பேஸ் காயில்கள் கருகி மூன்றாவது புதிதுபோல் மிஞ்சும், டெல்டாவானால் ஒரு பேஸ் மட்டும் கருகும். இன்சுலேஷன் ஓரிடத்தில் உரசியோ கிழிந்தோ போயிருந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்திருக்கும். இங்கே மூன்று பேஸும் சுற்றளவு முழுக்க ஒரே சீராகக் கருத்திருந்தன. அப்படிக் கருகினால் காயில் கட்டிய கையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உள்ளே மொத்தமாகவே வெப்பம் கூடி, அது வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது என்றுதான் பொருள்.

ரோட்டாரைக் கொண்டு வரச் சொன்னவர்

அமோனியா ஐஸ் கம்பெனிகளில் வாழ்நாளைக் கழித்த மெக்கானிக் அண்ணன் ஒருவரை அழைத்திருந்தோம். மேசையில் கிடந்த ஸ்டேட்டரை, அதாவது காயில் கட்டிய அசையாத பாகத்தை, அவர் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. "காயில் கட்டுனவர விடுங்க தம்பி. ரோட்டார எங்க போட்டீங்க, அதக் கொண்டாங்க" என்றார். உள்ளே சுழலும் பாகமான ரோட்டார் ஒரு மூலையில் சாக்குத்துணியின் மேல் கிடந்தது. காயிலைத்தானே கட்ட வேண்டும். ரோட்டாரில் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அடுக்கடுக்கான இரும்புத் தகடுகள், அவற்றின் காடிகளில் வார்த்த அலுமினியக் கம்பிகள், இரு முனைகளிலும் அலுமினிய வளையங்கள், அவ்வளவுதான் அது.

அண்ணன் அதைத் துடைத்து வெயிலில் வைத்து உருட்டினார். தகடுகளின் மேல் வைக்கோல் நிறமும் ஊதாவும் நீலமும் பட்டை பட்டையாக ஓடியிருந்தன. எஃகு ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டும்போது வைக்கோல் நிறம் ஏறத் தொடங்கும். 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். சில ரோட்டார்களை ஆலையிலேயே நீலம் ஏற்றித்தான் அனுப்புவார்கள் என்பதால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. அதனால் அவர் அதே மாதிரியில் பழைய இரும்பாகக் கிடந்த இன்னொரு ரோட்டாரைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. எரிந்த ரோட்டாரிலோ, குளிர் வாயு முதலில் நுழையும் முனை வெளிறியும், சிலிண்டர் பக்கத்து முனை கருத்தும் இருந்தது. பேரிங் தேய்ந்து ரோட்டார் ஸ்டேட்டரில் உரசியிருக்குமோ என்றும் விரலால் தடவிப் பார்த்தார். உரசியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. பக்கத்து அறையில் அதே குறையோடு ஓடிக்கொண்டிருந்த, அதே மாதிரியான இன்னொரு கம்ப்ரசரின் பேனல் எதிரே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மீட்டர் எதையும் தொடவில்லை. மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்து வெட்டும் காண்டாக்டர் இழுக்கும் சத்தத்தையும் விழும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தார். கம்ப்ரசர் ஓடும், சற்று நேரத்தில் நிற்கும், மூச்சுவிடுவதற்குள் மறுபடி எடுக்கும். அறையின் தெர்மோஸ்டாட் அதை நிறுத்தவில்லை, அழுத்தம் குறைந்தால் வெட்டும் எல்.பி. கட்-அவுட்தான் நிறுத்திக்கொண்டிருந்தது. குளிரூட்டும் வாயுவான கேஸ் குறைந்ததால் சக்ஷன் அழுத்தம் (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம்) விழுகிறது, கட்-அவுட் வெட்டுகிறது, நின்றவுடன் அழுத்தம் ஏறுகிறது, கட்-அவுட் மறுபடி சேர்க்கிறது. ஆள் போய்க் கிளாம்ப் மீட்டர் மாட்டும் நேரத்தில் அது ஓட்டத்தில் இருக்கும். அமுக்குவதற்கு வாயு குறைவாக இருப்பதால் ஆம்பியரும் குறைவாகவே காட்டும். அதை மனநிறைவோடு நோட்டில் எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

சுழலும் பாகத்துக்குக் குழாய் போட முடியாது

இங்கே ரோட்டாரின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும். ரோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 1440 சுற்றில் பின்தங்கி ஓடும். இந்தப் பின்தங்கல் 4 விழுக்காடு. ஸ்டேட்டரிலிருந்து இடைவெளியைக் கடந்து ரோட்டாருக்கு வரும் ஆற்றலில் பின்தங்கும் விழுக்காடு எவ்வளவோ, அவ்வளவும் ரோட்டாருக்குள் வெப்பமாக மாறியே தீரும். இதற்கு விதிவிலக்கு இல்லை. 7.5 கிலோவாட் மோட்டாருக்கு அது 300 வாட் அளவுக்கு வரும். நன்றாக ஓடும்போதே இவ்வளவு. ஆனால் நின்ற நிலையிலிருந்து எடுக்கும் அந்த முதல் கணத்தில் பின்தங்கல் நூறு விழுக்காடு. ரோட்டாருக்கு வரும் ஆற்றல் அத்தனையும் வெப்பம். மின்னோட்டமும் அப்போது முழுச் சுமை அளவைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு. சுமையே இல்லாமல் சுழலும் கனத்தை மட்டும் வேகத்துக்குக் கொண்டுவந்தாலும், அந்தக் கனம் இறுதியில் எவ்வளவு இயக்க ஆற்றலைப் பெறுகிறதோ ஏறத்தாழ அதே அளவு வெப்பம் ரோட்டாரில் இறங்கியிருக்கும். சுமையோடு எடுத்தால் இன்னும் கூடும். ஆகவே ஒவ்வொரு ஸ்டார்ட்டும் ரோட்டாருக்குள் ஒரு கட்டு வெப்பத்தை எறிந்துவிட்டுப் போகிறது. அது வெளியேறுவதற்குள் அடுத்த கட்டு வந்துவிட்டால் அடுக்கு ஏறிக்கொண்டே போகும்.

அந்த வெப்பம் வெளியேறும் வழிதான் மிகக் குறுகலானது. ஸ்டேட்டர் உறையோடு ஒட்டி நிற்கிறது. உறையின் வழியாக அதன் சூடு வெளியே போகும், காயிலுக்குள் தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரியைப் புதைத்து அதன் சூட்டை அளந்தும் பார்க்கலாம். ரோட்டார் எதையும் தொடாமல் நடுவில் சுழல்கிறது. அதற்கும் ஸ்டேட்டருக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் கூட வராத வாயு இடைவெளி. அதன் வழியாகக் கொஞ்சம், ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குக் கொஞ்சம் என்றுதான் சூடு கசிய முடியும். பேரிங்குக்குப் போன சூடு எண்ணெயைத் தண்ணீர்போல் நீர்க்கச் செய்யும். செமி சீல்டு கம்ப்ரசரில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: அறையிலிருந்து திரும்பி வரும் குளிர்ந்த சக்ஷன் வாயு முதலில் மோட்டாரின் மேல்தான் பாயும். ஸ்டேட்டரைத் தழுவி, இடைவெளி வழியாக ரோட்டாரை உரசி, சூட்டை எடுத்துக்கொண்ட பிறகே சிலிண்டருக்குப் போகும். வெளியில் ஃபேன் இல்லாமல், சட்டி போன்ற இரும்பு உறைக்குள் இவ்வளவு பெரிய மோட்டார் பிழைத்திருப்பது அந்த வாயுவின் தயவால்தான்.

அப்படியென்றால் கேஸ் குறைந்தால் என்ன ஆகும் என்பது விளங்கிவிடும். அறை குளிராது என்பதை எல்லோரும் அறிவார்கள். மோட்டாரும் குளிராது என்பதைத்தான் நினைக்க மறந்துவிடுகிறோம். வரும் வாயுவின் அளவும் குறைகிறது. வருவதும் அறையைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளிலேயே ஆவியாகி முடிந்து, வரும் வழியெல்லாம் சூடேறி வருகிறது. இரண்டு விதத்திலும் நட்டம். இதன் மேல் எல்.பி. கட்-அவுட் அடிக்கடி நிறுத்தி எடுத்து, ஸ்டார்ட் வெப்பத்தைத் தொடர்ந்து ஏற்றுகிறது. ஆம்பியர் மீறினால் வெட்டும் ஓவர்லோடு ரிலே இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். ரிலே இருப்பது பேனலில், திறந்த காற்றில். ஸ்டார்ட்டின் சில விநாடிகளில் அது கொஞ்சம் சூடாகும். மோட்டார் குறைந்த ஆம்பியரில் ஓடும்போதும் நிற்கும்போதும் ஆறிவிடும். உள்ளே ரோட்டார் ஆறவில்லை என்பது அதற்குத் தெரியாது. எரிவதற்கு முந்தைய வாரங்களில் ஆம்பியர் குறைந்துகொண்டே வந்ததன் பொருள் இதுதான்: மோட்டாரைக் குளிர்விக்கும் வாயு குறைந்துகொண்டே வந்திருந்தது.

அண்ணன் சொன்ன சோதனை எளிது. "சக்ஷன் பைப்பு கம்ப்ரசர் வாய் வரைக்கும் வேர்த்திருக்கணும் தம்பி. வேர்க்கலேன்னா மோட்டாருக்குத் தண்ணி காட்டலேன்னு அர்த்தம்." நம் கரையின் ஈரக்காற்றில் குளிர்ந்த குழாய் வேர்க்காமல் இருக்கவே முடியாது என்பதால் இந்த ஊருக்கு இது நல்ல அளவுகோல். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளக் கூடாது. வேர்வை தாண்டிக் கம்ப்ரசரின் வயிற்றிலேயே பனி படர்ந்தால் திரவமாகவே கேஸ் திரும்பி வருகிறது என்று பொருள்; அது எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய் பேரிங்கைத் தின்னும், வால்வுத் தகட்டை உடைக்கும். மோட்டார் குளிர்கிறது என்று அதைக் கொண்டாட முடியாது.

ஐஸ் கம்பெனி மோட்டார்கள்

அமோனியா ஐஸ் கம்பெனியில் இந்தத் தொல்லை இதே வடிவில் வராது. ஈரத்தோடு சேர்ந்த அமோனியா செம்பை அரிக்கும். செம்புக் காயில் கட்டிய மோட்டாரை அதற்குள் வைக்க முடியாது. ஆகவே கம்ப்ரசர் தனி, மோட்டார் தனி, நடுவில் பெல்ட். அலுமினியக் காயிலோடும், ஸ்டேட்டரைத் தனியே உறையிட்டும் அமோனியாவுக்குள் இயங்கும் மோட்டார்கள் உலகில் வந்துவிட்டாலும் நம் கரையில் பெல்ட்தான் ஆட்சி. இங்கே ரோட்டாரின் சூடு முனை வளையத்தில் வார்த்த சிறு இறக்கைகளால் உள்காற்றோடு கலக்கப்பட்டு, ஸ்டேட்டருக்கும் அங்கிருந்து உறையின் வரிவரியான முகடுகளுக்கும் போய், பின்பக்க ஃபேன் தள்ளும் காற்றில் கரைய வேண்டும். அந்த முகடுகளின் இடையில்தான் உப்பும் கிரீஸும் தூசியும் அடையாகப் படிகின்றன. கடலரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிற ஊர் இது. இரும்பை இந்தக் காற்று என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிப்புக்குப் பயந்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் மோட்டாருக்கு மேலும் மேலும் எனாமல் பூசும் வழக்கம் வேறு இருக்கிறது. பல ஆண்டுப் பூச்சு சேர்ந்து முகடுகளின் இடைவெளியே பாதி மூடிவிட்ட மோட்டார்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசுங்கள் என்றால், பளபளவென்று இருக்கும் மோட்டாரை எதற்குக் கெடுக்கிறாய் என்கிறார்கள்.

மின்சாரத்தின் தரமும் ரோட்டாரைத்தான் முதலில் அடிக்கிறது. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை 81 விழுக்காடாக இறங்கும், ஏனெனில் அது மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகிறது. பெல்ட்டின் சுமை மாறாததால் ரோட்டார் இன்னும் பின்தங்கி அதே வேலையைச் செய்யும், பின்தங்கிய அளவு சூடாகும். மூன்று பேஸும் சமமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். அந்த ஏற்றத்தாழ்வு, எதிர்த்திசையில் சுழலும் ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதைப் பொறுத்தவரை ரோட்டார் ஏறத்தாழ இரட்டை வேகத்தில் எதிரே ஓடுவதால் அலுமினியக் கம்பிகளில் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய மின்னோட்டம் பாய்கிறது. சில விழுக்காடு ஏற்றத்தாழ்வே ரோட்டாரை நன்றாகச் சூடாக்கப் போதும். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவில் எல்லா ஐஸ் கம்பெனிகளும் ஒன்றாக இழுக்கும்போது மூன்று பேஸையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பகலில் அளந்த எண் அப்போது நிற்காது.

வேகம் கூடும்போது

மின்சாரக் காரின் ஏசி கம்ப்ரசரிலும், எரிபொருள் கலத்துக்குக் காற்றூதும் சிறு கம்ப்ரசர்களிலும் இதே சிக்கல் கூர்மையாகிவிடுகிறது. அங்கே ரோட்டாரில் அலுமினியக் கம்பிக்குப் பதில் நிலைக்காந்தம். பின்தங்கல் இல்லை, ஆகவே அந்த வகை வெப்பமும் இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. நியோடிமியம் காந்தத்தின் சாதாரண வகை 80 டிகிரியைத் தாண்டினாலே தன் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். டிஸ்ப்ரோசியம் கலந்த விலையுயர்ந்த வகைகளே 150, 200 டிகிரி வரை தாங்கும். காயில் எரிந்தால் கட்டிக்கொள்ளலாம். காந்தம் போனால் ரோட்டாரையே மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டும் ஊதிகளில் இன்னொரு முரண் இருக்கிறது. இடைவெளியில் இருக்கும் வாயுவோடு ரோட்டார் உரசுவதால் எழும் வெப்பம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடுகிறது. வாயு அடர்த்தியாக இருந்தால் இன்னும் கூடுகிறது. குளிர்விக்க அதிக வாயுவை அழுத்தி அனுப்பினால் அந்த வாயுவே உராய்ந்து சூட்டைப் பெருக்கும். திரவத்தைத் தெளித்தால் இழுவை பல மடங்காகும், துளிகள் ரோட்டாரை அரிக்கவும் செய்யும். அதனால்தான் ஷாஃப்டைக் குழலாக்கி நடுவில் எண்ணெய் விடுவது, அமுக்கிய காற்றில் ஒரு சிறு பங்கை ஆறவைத்து ரோட்டாரைச் சுற்றி அனுப்புவது என்று பலவாறு முயல்கிறார்கள். எந்த வழியும் இலவசமாக வருவதில்லை. அமுக்கிய காற்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கத் தந்தால் அதை அமுக்கச் செலவான மின்சாரமும் அதோடு போகிறது.

நம் உறைபதன அறைக்கு அண்ணன் செய்தது இவ்வளவு ஆடம்பரமில்லை. சோப்பு நுரை தடவிக் குழாய் இணைப்பின் ஃப்ளேர் நட்டில் இருந்த கசிவைக் கண்டுபிடித்தார், எரிந்த எண்ணெயின் அமிலம் மிஞ்சாமல் சிஸ்டத்தைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றினார், எல்.பி. கட்-அவுட்டின் வெட்டும் அழுத்தத்துக்கும் சேர்க்கும் அழுத்தத்துக்கும் இடைவெளியைக் கூட்டினார். நின்ற கம்ப்ரசர் சில நிமிடம் கழித்தே எடுக்கும்படி ஒரு டைமரையும் சேர்த்தார். டைமரைப் பற்றித்தான் சண்டை வந்தது. அறை மைனஸ் 18-இலிருந்து ஏறும்போது கம்ப்ரசரைக் காக்க வைப்பதா என்று மேற்பார்வையாளர் அதை இருமுறை துண்டித்துவிட்டார். காக்க வைக்கும் நிமிடங்களில் அறையின் சூடு ஏறும் அளவு மிகச் சிறியது, உறைந்த சரக்கே அதைத் தாங்கிக்கொள்ளும் என்று வெப்பமானி அளவுகளை எழுதிக் காட்டிய பிறகே விட்டார்.

முதலாளி இப்போது மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டுவிடலாம் என்கிறார். நல்ல யோசனைதான், டிரைவ் அதிர்வெண்ணைச் சிறிதிலிருந்து மெல்ல ஏற்றுவதால் எடுக்கும்போதும் பின்தங்கல் சிறிதாகவே இருக்கும், ஸ்டார்ட் வெப்பம் என்ற பேச்சே எழாது. ஆனால் வேகத்தைக் குறைத்து ஓட்டும்போது மோட்டாரின் மேல் பாயும் வாயுவும் குறையும், டிரைவின் கரடுமுரடான அலைவடிவம் ரோட்டாரில் தனியாகக் கொஞ்சம் சூட்டையும் ஏற்றும்; எவ்வளவு குறைந்த வேகம் வரை போகலாம் என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொண்டே செட் செய்ய வேண்டும். அது வரும்வரை, காண்டாக்டரில் ஸ்டார்ட்டுகளை எண்ணும் ஒரு கருவியை மாட்டித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். மணிக்கு எத்தனை முறை எடுக்கிறது என்பது தெரிந்தால் போதும், பல தயாரிப்பாளர்கள் எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு வரம்பைச் சொல்கிறார்கள். இதுவரை அந்தக் கருவி வரவில்லை. ஆம்பியர் எழுதும் நோட்டிலேயே பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, இரவு ஷிப்ட் பையன்களிடம் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறோம்.